விளம்பரம் கொத்திய மரங்கொத்தி

காட்டின் நடுவே பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. இலை இல்லை, பூ இல்லை, நிழலும் இல்லை. ஆனாலும் பொழுது விடிந்ததும் விலங்குகள் எல்லாம் முதலில் அந்த மரத்தடிக்குத்தான் வரும். காரணம், டொக்கன்.

டொக்கன் ஒரு மரங்கொத்தி. சிவப்புக் கொண்டை, பொன்னிற முதுகு, உளி போன்ற அலகு. அது காடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். பார்த்ததை மருத மரத்தில் கொத்திக் கொத்தி எழுதும்.

'மேட்டு நாவல் பழுத்துவிட்டது. கீழ்க்கிளைப் பழம் துவர்க்கும். மேல்கிளைப் பழத்தைத் தின்னுங்கள்.'

'ஓடைக்கரையில் வேடன் கண்ணி வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் போகாதீர்கள்.'

இப்படித்தான் இருக்கும் அதன் பதிவுகள். அலங்காரம் கிடையாது. ஆனால் தானே தின்று பார்க்காத பழத்தைப் பற்றியும், தானே பறந்து பார்க்காத இடத்தைப் பற்றியும் டொக்கன் ஒரு எழுத்துக்கூடக் கொத்தாது.

ஒருமுறை கரடி தேன் விற்கத் தொடங்கியது. டொக்கன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தது. மறுநாள் காலை, 'கரடியின் தேனில் பாதி ஓடைத் தண்ணீர்' என்று மரத்தில் எழுதியிருந்தது.

கரடி ஓடிவந்து மரத்தைப் பிடித்து உலுக்கியது. "அழிடா அதை!"

"நான் எழுதவில்லை, கரடியண்ணே! என் நாக்கு சொன்னது!" என்றது டொக்கன்.

காடே சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் பேச்சு வந்தாலும் விலங்குகள் ஒன்றைத்தான் கேட்கும். "டொக்கன் எழுதிவிட்டதா?" எழுதிவிட்டது என்றால், மறுபேச்சு இல்லை.

ஆனால் டொக்கனின் மனைவி குங்குமிக்கு இதில் அவ்வளவு பெருமை இல்லை.

"என்னங்க, ஊருக்கெல்லாம் பழம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறீர்கள். நம் குஞ்சுகளுக்குப் புழு எங்கே இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்கிறார்களா?"

"நல்ல பெயர் கிடைக்கிறதே, குங்குமி!"

"அந்தப் பெயரைக் கிள்ளிக் குஞ்சுகளின் வாயில் வைக்க முடியுமா?"

குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் சவ்வாது வந்தது.

சவ்வாது ஒரு புனுகுப்பூனை. அது வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்து நின்றுவிடும். மரத்தடியில் கூடியிருந்த கூட்டத்தை அது ஓரமாக உட்கார்ந்து பார்த்தது. எல்லாரும் கலைந்த பிறகு மேலே ஏறி வந்தது.

"டொக்கன் அண்ணே! உங்களுக்கு எவ்வளவு வாசகர்கள்! கண்கொள்ளாக் காட்சி! ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது!"

"ஏன்?"

"இவ்வளவு கூட்டத்தையும் சும்மா திருப்பி அனுப்புகிறீர்களே! சரக்கு வைத்திருப்பவன் ஒரு பக்கம் ஆள் கிடைக்காமல் தவிக்கிறான். ஆளை வைத்திருக்கும் நீங்கள் ஒரு பக்கம் பசியோடு இருக்கிறீர்கள். இரண்டு பேரையும் நான் சேர்த்துவைக்கிறேன். இதற்குப் பெயர் கூட்டு!"

"விளம்பரம் என்று சொல்."

சவ்வாது இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டது. "ஐயோ! அந்த வார்த்தை வேண்டாம், அண்ணே! விளம்பரம் வேறு, கூட்டு வேறு. விளம்பரத்தில் அவன் சொல்வதை நீங்கள் சொல்வீர்கள். கூட்டில் அவன் சொல்வதை நீங்களே சொல்வது மாதிரி சொல்வீர்கள்!"

டொக்கன் தலையைச் சாய்த்து யோசித்தது. ஏதோ இடித்தது. ஆனால் என்ன இடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பொந்துக்குள் குஞ்சுகள் மறுபடியும் கத்தின.

"சரி. ஆனால் நல்ல சரக்கை மட்டும்தான் எழுதுவேன்!"

"அதைத்தானே நானும் கேட்கிறேன்!" என்று சவ்வாது வாலை ஆட்டியது.

முதல் கூட்டு முள்ளம்பன்றியோடு. அது தன் உதிர்ந்த முள்ளையெல்லாம் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முதுகு சொறிய நல்லது என்று விற்றுவந்தது. டொக்கன் ஒரு முள்ளை எடுத்துத் தன் முதுகைச் சொறிந்து பார்த்தது. சுகமாகத்தான் இருந்தது. அப்படியே எழுதியது. கடைசியில், 'இதை எழுத முள்ளம்பன்றி எனக்கு எறும்பு முட்டை கொடுத்தது' என்றும் எழுதியது.

காட்டுப்பன்றி ஒரு கட்டு வாங்கிப்போய் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றன. "இப்போதுதான் நீங்கள் எழுத்தாளர்!" என்றது குங்குமி.

சவ்வாதுக்கு மட்டும் ஒரு சின்ன மனக்குறை. "அண்ணே, எறும்பு முட்டை விஷயத்தை ஏன் நடுநெற்றியில் எழுதுகிறீர்கள்? மறைக்கச் சொல்லவில்லை. இடத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன்."

அடுத்த தடவை அந்த வரி மரத்தின் வேரடிக்கு இறங்கியது. அதுவும் புற்றுக்குப் பின்னால், கடுகைவிடச் சின்ன எழுத்தில். அதைக் கறையான்கள் மட்டும்தான் படித்தன. படித்த பிறகு அதையும் தின்றுவிட்டன.

பிறகு ஒரு கருமந்தி வந்தது. ஆற்றங்கரைக் களிமண்ணை உருட்டி, தலையில் முடி வளர்க்கும் மருந்து என்று விற்றது. டொக்கன் எழுதியது: 'அன்பு வாசகர்களே! என் கொண்டையின் ரகசியம் கேட்கிறீர்களே! நான் தினமும் பூசுவது கருமந்திக் களிமண்தான்! என் குஞ்சுகள்மேல் ஆணை!'

கொண்டை அதற்கு முட்டையிலிருந்து வரும்போதே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

வழுக்கைத் தலைக் கழுகு ஒன்று ஆசை ஆசையாகக் களிமண்ணை வாங்கித் தலை முழுக்க அப்பிக்கொண்டது. வெயிலில் மண் இறுகிப் பானை ஓடு போல ஆகிவிட்டது. கழுகால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பித்தான் அது டொக்கனைப் பார்த்தது.

"என்னப்பா இது? முடி வரும் என்றாய், இருந்த தோலும் போய்விடும் போலிருக்கிறதே!"

டொக்கன் சவ்வாதைப் பார்த்தது. சவ்வாது மெல்ல எடுத்துக்கொடுத்தது. டொக்கன் அதை அப்படியே திருப்பிச் சொன்னது. "ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு வாகு, தாத்தா! தொடர்ந்து பூசிப் பாருங்கள்!"

அடுத்து வந்தது கரடி! 'தேன் என்றால் கரடித் தேன்தான்! டொக்கன் அனுப்பியது என்று சொன்னால் ஒரு கை கூடுதல்!' என்று மருத மரம் முழங்கியது. இந்த முறை டொக்கன் தேனை நாக்கில் வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடுமே!

இப்போதெல்லாம் டொக்கன் காட்டைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் இல்லை. காலையில் ஒரு கூட்டு, மாலையில் ஒரு கூட்டு. மரத்தில் இடம் போதவில்லை என்று பழைய நல்ல பதிவுகளின் மேலேயே புதியவற்றைக் கொத்தியது.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. மேற்கு ஓடை வற்றிக்கொண்டே வந்தது. கொன்றை என்ற புள்ளிமான் தன் குட்டியோடு மரத்தடிக்கு வந்து மேலே பார்த்தது.

"டொக்கன் அண்ணா, வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே!"

"எழுதுகிறேன், கொன்றை! கொஞ்சம் வேலை அதிகம்!"

"நீங்கள் எழுதினால் போதும், அண்ணா. போன வருஷம் கண்ணியைப் பற்றி நீங்கள் எழுதியதால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன்."

டொக்கனுக்கு வெட்கமாக இருந்தது. அன்றே பறந்துபோய்த் தேடியது. தெற்கே பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. குடித்துப் பார்த்தது. பளிங்கு போன்ற தண்ணீர்! நாளைக்கே எழுதிவிட வேண்டும் என்று மகிழ்ச்சியோடு திரும்பியது.

பொந்து வாசலில் சவ்வாது காத்திருந்தது. அதன் வாசனை அன்று இரண்டு மடங்காக இருந்தது.

"அண்ணே! பெரிய இடம் ஒன்று சிக்கியிருக்கிறது! உடனே வாருங்கள்!"

பெரிய இடம் என்றது கரிய மடுவை. அங்கே முதலை இருந்தது. டொக்கன் கரையோர மரத்தின் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"வா, தம்பி!" என்று முதலை இனிமையாக அழைத்தது. "உன் எழுத்துக்கு நான் ரசிகன்!"

"படித்திருக்கிறீர்களா?"

"எங்கே படிக்க முடிகிறது? நான் அந்தப் பக்கம் வந்தாலே எல்லாரும் ஓடிவிடுகிறார்கள்! கேள்விப்பட்டதுதான். ஒரு சின்ன உதவி. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். எனக்குப் புகழ்ச்சி பிடிக்காது. என் மடுவைப் பற்றி எழுது, போதும்!"

முதலை வாலால் ஒரு விழுந்த இலவ மரத்தைக் காட்டியது. உளுத்த மரம். உள்ளே கொழுத்த புழுக்கள் நெளிந்தன. கோடை முழுக்கக் குஞ்சுகள் தின்றாலும் தீராது.

"எழுதியதும் அது உன்னுடையது. ஆனால், இந்தக் கோடை முடியும்வரை வேறு எந்தத் தண்ணீரைப் பற்றியும் நீ எழுதக்கூடாது."

டொக்கன் மடுவைக் குனிந்து பார்த்தது. "வருகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

சவ்வாது அதன் காதோரம் வந்தது. "அண்ணே, உங்களை யார் பொய் சொல்லச் சொன்னது? மடுவில் தண்ணீர் இருக்கிறதா? இருக்கிறது. எழுதுங்கள். குளிர்ச்சியா? குளிர்ச்சிதான். எழுதுங்கள். முதலை உண்டா என்று வாசகர்கள் யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், குங்குமி குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது.

"கொன்றை குட்டியோடு போகுமே, என்னங்க..."

"கொன்றைக்கு மூளை இருக்கிறது. பார்த்து நடந்துகொள்ளும்."

விடியும்போது டொக்கன் மரத்தில் கொத்தியது. அலகு வலித்தது. மரம் கெட்டியாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

'கோடையைக் கொண்டாடக் கரிய மடு! குளிர்ந்த தண்ணீர்! அமைதியான இடம்! குடும்பத்தோடு வாருங்கள்!'

சவ்வாது கீழே நின்று இன்னொரு வரி சொன்னது. "'ஒருமுறை வந்தவர்கள் திரும்பிப் போவதே இல்லை!' என்று போடுங்கள், அண்ணே!"

டொக்கனின் அலகு நின்றது. "சவ்வாது, இது..."

"உண்மைதானே?"

டொக்கன் கொத்தியது.

தாகத்தோடு வந்த விலங்குகள் அதைப் படித்தன. காட்டுப்பன்றி மூக்கைச் சுளித்தது. "கரிய மடுவில் முதலை இருந்ததே?"

"இருந்தால் டொக்கன் அண்ணா எழுதாமல் இருக்குமா?" என்றது கொன்றை. "வேறு எங்காவது போயிருக்கும். வாடா குட்டி, தண்ணீர் குடிக்கலாம்!"

பொந்துக்குள் இருந்த டொக்கனின் காதில் அது விழுந்தது. அலகில் முதலை கொடுத்த புழு ஒன்று இருந்தது. விழுங்கப் பார்த்தது. உள்ளே இறங்கவில்லை. துப்பிவிட்டு வெளியே பாய்ந்தது.

"நில்லுங்கள்! நில்லுங்கள்! மடுவில் முதலை இருக்கிறது! தெற்கே சுனை இருக்கிறது, அங்கே போங்கள்!"

கூட்டம் நின்றது. அண்ணாந்து பார்த்தது.

"தெற்குச் சுனையா?" என்று காட்டுப்பன்றி சிரித்தது. "அது யாருடைய கூட்டு? சுனைக்காரன் என்ன கொடுத்தான்?"

"சுனைக்கு ஏது சொந்தக்காரன்? யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை! என் குஞ்சுகள்மேல் ஆணை!"

கழுகு உடம்போடு திரும்பியது. "களிமண்ணுக்கும் இதே ஆணைதான் போட்டாய்!"

"கொன்றை! நீயாவது நம்பு!" என்று டொக்கன் மானின் முன்னால் வந்து படபடத்தது.

கொன்றை அதைப் பார்த்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"அண்ணா, காலையில் எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியது மரத்தில் இருக்கிறது. மடுவும் அதோ தெரிகிறது. குட்டிக்கு நாக்கு ஒட்டிப்போய்விட்டது."

அது நடந்தது. மற்றவையும் பின்னால் நடந்தன. டொக்கன் அவற்றின் தலைக்கு மேலே கத்திக் கத்திப் பறந்தது. விளம்பரத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறது என்றுதான் எல்லாம் நினைத்தன.

மடு அசையாமல் கிடந்தது. குட்டி ஓடிப்போய்த் தண்ணீரில் வாய் வைத்தது. கரையோரம் மிதந்த கட்டை ஒன்று மெல்ல நகர்ந்தது.

கட்டை வாயைத் திறந்தது!

கொன்றை பாய்ந்து குட்டியைத் தலையால் முட்டிக் கரைக்குத் தள்ளியது. முதலையின் வாய் கொன்றையின் பின்னங்காலில் விழுந்தது. மான் அலறியது. மற்ற விலங்குகள் நாலா பக்கமும் சிதறின.

டொக்கன் மட்டும் எதிர்த்திசையில் வந்தது. மேலிருந்து கல் போல இறங்கி முதலையின் கண்ணில் கொத்தியது. மீண்டும் கொத்தியது. மரத்தைக் கொத்துவது போலக் கொத்தியது!

முதலை வலியில் வாயைத் திறந்தது. கொன்றை காலை உருவிக்கொண்டு கரையேறியது. அந்தக் கோபத்தில் முதலை டொக்கனைக் கவ்வியது. வால் இறகுகள் மொத்தமும் அதன் பல்லில் மாட்டின. டொக்கன் வாலை விட்டுவிட்டு உயிரோடு தப்பியது.

"நன்றி கெட்டவனே! என் புழுவைத் தின்றுவிட்டுக் கூட்டை முறிக்கிறாயா!" என்று முதலை உறுமியது.

கொன்றை பிழைத்தது. ஆனால் அந்தக் கால் அதன்பிறகு தரையில் சரியாகப் பதியவே இல்லை.

டொக்கன் திரும்பி வந்ததும் மருத மரத்தில் தொற்றியது. வால் இல்லாத மரங்கொத்தியால் மரத்தில் ஊன்றி நிற்க முடியாது. வழுக்கி வழுக்கி விழுந்தது. விழுந்து விழுந்து எழுதியது. கருமந்தியின் மருந்து வெறும் களிமண், தேனில் பாதி தண்ணீர், மடுவில் முதலை, எல்லாவற்றுக்கும் தான் வாங்கியது இன்னது என்று ஒன்றுவிடாமல் எழுதியது. 'தெற்கே போங்கள். நல்ல தண்ணீர் இருக்கிறது. என்னை மன்னியுங்கள்' என்று முடித்தது.

காலையில் விலங்குகள் வந்து படித்தன. கடைசியில் காட்டுப்பன்றி தொண்டையைச் செருமியது.

"உருக்கமாகத்தான் எழுதியிருக்கிறாய். யார் கொடுத்தது?"

டொக்கன் வாய் திறப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. பின்னாலேயே சவ்வாது ஓடிவந்தது.

"அண்ணே! பிரமாதம்! இந்த மரத்தடியில் இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை! இப்போது மன்னிப்புக்குத்தான் நல்ல கிராக்கி! மானின் காலுக்குப் பச்சிலை கட்டிய குரங்கு வைத்தியர் ஆள் அனுப்பியிருக்கிறார். கடைசி வரியில் அவர் பெயரை மட்டும் சேர்த்துவிட்டால்..."

டொக்கன் சவ்வாதின் உச்சந்தலையில் பாய்ந்து கொத்தியது. சவ்வாது கத்திக்கொண்டு ஓடியது. டொக்கன் வால் இல்லாமல் தடுமாறிப் பறந்து, புதர் புதராகத் துரத்திக் கொத்தியது. காட்டின் எல்லைவரை விடவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது விலங்குகள் எல்லாம் அங்கேயே நின்றிருந்தன. முதலில் கழுகு இறக்கைகளைத் தட்டியது. காட்டுப்பன்றி குளம்பால் தரையைத் தட்டியது.

"ஆகா! என்ன நடிப்பு! நிஜமாகவே ரத்தம் வந்ததே! ஆமாம், இது எந்தச் சரக்குக்கு என்று கடைசிவரை சொல்லவே இல்லையே!"

டொக்கன் ஏதோ சொல்லப் பார்த்தது. என்ன சொன்னாலும் அது ஒரு விளம்பரமாகிவிடும் என்று அதற்குத் தெரிந்தது. அலகை மூடிக்கொண்டது.

கொன்றை சிரிக்கவில்லை, தட்டவும் இல்லை. மரத்தை ஒருமுறை படித்தது. காற்றை மோந்து பார்த்தது. பிறகு குட்டியை அழைத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கிளம்பியது. 'தெற்கே போங்கள்' என்று மரத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டதால்தான் கொன்றை முதலில் வடக்கே தேடிப் போனது.

நம்பி வந்தவர்களின் நம்பிக்கையை விற்றுப் பிழைத்தவன், பிறகு உண்மையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.